பொருள் எண் ஏழு

முப்பத்தெட்டுக் கைகள்.
சமுதாயக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை.
ஹெல்த் இன்ஸ்பெக்டர் வரிசை வரிசையாய்
இரண்டு முறை எண்ணினார்,
தூக்கின கையை இறக்காதீங்க என்று
கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.
எதிர்த்து நின்ற மருந்துக்கடை சையத் நவாஸுக்கு
முப்பத்தொன்று.
அப்படித்தான் ஆனேன்,
லிங்கராஜபுரம் சுகாதார நிலையத்துக் கமிட்டியில்
மக்கள் பிரதிநிதி.
சம்பளம் கிடையாது. பஸ் காசும் கிடையாது.
மாதம் ஒரு கூட்டம், இரண்டு பிஸ்கட்,
காகிதக் கப்பில் பாதி டீ.

பத்தொன்பது வருஷம்
ஹென்னூர் ரோட்டுக் கார்மென்ட்ஸில் செக்கிங் பார்த்தவள்.
காலரை விரித்து, தையலை இழுத்து,
நூல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
என் ஸ்டிக்கருக்குப் பயப்படாத சூப்பர்வைசர் இல்லை.
இங்கே ஸ்டிக்கர் இல்லை.
நீல அட்டை போட்ட ஒரு நோட்டு மட்டும்.

முதல் கூட்டத்துக்கு ஆறு பொருள் அச்சடித்திருந்தார்கள்.
பெயர்ப்பலகைக்குப் பெயின்ட்,
இன்வெர்ட்டர் பேட்டரி, அந்த மாதிரி.
ஏழாவதை நான் சொன்னேன்:
கழிவறைச் சாவி நர்ஸம்மா டிராயரில் இருக்கிறது.
சிறுநீர் டெஸ்ட் எழுதித் தருகிறீர்கள்,
பிள்ளைத்தாய்ச்சிகள் டப்பாவைச் சேலையில் மறைத்துக்கொண்டு
ரோட்டைத் தாண்டி
பெட்ரோல் பங்க்குக்குப் போகிறார்கள்.

டாக்டர் கீர்த்தனா ஹெக்டே தலையாட்டினார்.
நல்ல பெண். அன்று காலையிலிருந்து
நூற்றுப் பதினெட்டுச் சீட்டுப் பார்த்த கண்.
நோட்டில் எழுதினார்கள்: 'சர்ச்சிஸலாயிது.'
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
நம் பாஷையில் சர்ச்சை என்றால் சண்டை.
அவர்கள் பாஷையில்
பேசினோம், அவ்வளவுதான்.
எது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதமும் பேசினோம்.
அதற்கு அடுத்த மாதமும்.
நர்ஸம்மா கேட்டாள்:
'திறந்து விட்டா பான் துப்புறாங்க மெம்பரம்மா,
யாரு கழுவறது, நீங்களா?'
கழுவ வேண்டியவள் நிங்கவ்வா.
நாலு மாசமாய்க் கான்ட்ராக்டர் சம்பளம் தரவில்லை,
அவள் வருவதே வாரத்தில் இரண்டு நாள்.
சட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது
நூல் எங்கே விட்டது என்று.
எட்டாவது பொருளாய் அதையும் எழுதச் சொன்னேன்.
பேனா ஒரு நிமிஷம் நின்றது.
நானும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலம்
பாஸ்கல் கதவைத் தட்டினான்.
அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது,
முதல் டோக்கன் வேண்டும்.
தலை சுற்றுகிறதா, மயக்கமா என்று கேட்டேன்.
இல்லை, இவன் எட்டு மணி ஷிப்டுக்குப் போகணும்.
'வரிசைதாம்ப்பா. நானும் அதில்தான் நிற்பேன்.'
'அப்ப உனக்கு எதுக்குக் கை தூக்கினேன்?'

பதில் இருந்திருக்க வேண்டும்.
செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனேன்.
அவன் பத்தாவது, அவன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில்,
நான் பி.பி. அட்டையோடு பதினொன்றாவது.
அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம்.
அந்தக் கை இனி எனக்கு இல்லை,
முப்பத்தேழு.

ஐந்தாம் மாதம் நிங்கவ்வாவுக்கு
இரண்டு மாதச் சம்பளம் வந்தது. மீதி பாக்கி.
சுவரில் ஓர் ஆணி, ஆணியில் சாவி,
யாரும் எடுத்துப் போகாமல் இருக்க
சாவியோடு ஒரு பழைய கரண்டிக் காம்பு.
உள்ளே இருட்டு என்று கேள்விப்பட்டு
சையத் நவாஸ் பல்பு வாங்கிக் கொடுத்தார்,
தன் பெயரை ஸ்டிக்கரில் அடித்து
ஹோல்டருக்குக் கீழே ஒட்டி.
அடுத்த தேர்தலுக்கு இப்போதே வெளிச்சம்.
சிரித்துவிட்டேன். நல்ல ஒட்டு, உரியவே இல்லை.

இரண்டாவது வாரம் பல்பைக் காணோம்.
ஸ்டிக்கர் இருக்கிறது.

நாளைக்குக் கூட்டம்.
ஆறு பொருள் அச்சாகி வந்திருக்கிறது.
கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்,
இந்தத் தடவை கேட்காமலே.